பிக்கப் வண்டியில் மைக் செட்: பைத்துல்மால் கடன் கொடுக்கலாமா?

(எலவனாசூர்கோட்டையில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இஷா முடிந்து, வீட்டில் சாப்பாடு காத்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறோம். இன்றைய கூட்டத்துக்கு மைக் வைக்கவில்லை. எண்பது பேர் உட்காரும் கூடத்துக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்தோம். பின்வரிசையில் யாருக்காவது கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். குரலைக் கொஞ்சம் உயர்த்திக் கொள்கிறோம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் மூன்று மாதங்களுக்கு முன் பைத்துல்மாலுக்கு மனுக் கொடுத்தார். அவரிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. கரும்புக் கரணை, மரவள்ளிக் கிழங்கு, காய்கறி என்று லோடு ஏற்றிப் பிழைக்கிறார். சீசன் இல்லாத மாதங்களில் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதில் பெரிய சவுண்ட் சிஸ்டம் ஒன்றைப் பொருத்தினால் கல்யாணம், ஊர்வலம், விளம்பரம் என்று ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும். அதற்கு வட்டியில்லாக் கடனாக 1,50,000 ரூபாய் வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்தது. "பைத்துல்மால் பணம் அமானிதம். ஊர்த் தூக்கத்தைக் கெடுக்கும் தொழிலுக்கு அதைக் கொடுக்கக் கூடாது" என்றார்கள் சிலர். "கந்துவட்டிக்காரனிடம் போனால் வண்டியும் போய்விடும். உழைக்கிறேன் என்று வருகிறவனைத் திருப்பி அனுப்பலாமா? நம் அறக்கட்டளை வண்டியிலேயே மைக் இருக்கிறதே!" என்றார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்பும் நியாயம்தான் பேசினார்கள். கடைசியில், விசாரித்து வந்து சொல்லுங்கள் என்று எங்களிடம் ஒப்படைத்தார்கள். மைக் செட்டுக்காரர்கள், எலெக்ட்ரீஷியன்கள், வண்டி ஓட்டுபவர்கள் என்று பலரிடம் கேட்டோம். கேட்டதையும், நாங்களே பட்டுத் தெரிந்ததையும், எடுத்த முடிவையும் உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தொழில் வேண்டாத தொழில் அல்ல. ஒரு காலத்தில் தண்டோரா போட்டார்கள். பிறகு மாட்டு வண்டியில் குழாய் கட்டி டாக்கீஸ் படத்துக்கு விளம்பரம் செய்து நோட்டீஸ் வீசினார்கள். பின்னால் ஓடியவர்களில் இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் உண்டு. அதன் பிறகு ஆட்டோ. 2005-இல் டாட்டா ஏஸ் வந்தது. நம் மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தார்கள். அடுத்து பொலிரோ பிக்கப், தோஸ்த். இன்று உளுந்தூர்பேட்டை – சேலம் சாலையோரம் ஒரு மணி நேரம் நின்றால் தக்காளி விற்கும் குரல், பழைய இரும்பு வாங்கும் குரல், பிளாஸ்டிக் குடம் விற்கும் குரல் எல்லாம் வண்டியிலேயே வருவதைக் கேட்கலாம். கடை வாடகை கொடுக்க முடியாத ஏழை வியாபாரிக்கு அந்தக் குழாய்தான் பெயர்ப்பலகை. எனவே ஒலிபெருக்கியையே குற்றம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை.

அடுத்து, எங்கள் மீதே உள்ள குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் அந்த இளைஞருக்கு நிபந்தனை போட எங்களுக்குத் தகுதி இல்லை.

சென்ற ஆண்டு நம் அறக்கட்டளை வண்டியில் மைக் செட் பொருத்தினோம். மவுத் அறிவிப்பு, மருத்துவ முகாம், மழை வெள்ள எச்சரிக்கை இவற்றுக்காக. பெரிய ஆம்ப்ளிஃபையர், நான்கு திசைக்கும் நான்கு குழாய்கள். முதல் நாள் போட்டுப் பார்த்தபோது பேருந்து நிறுத்தம் வரை கேட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இரண்டு மாதம் கழித்து மேலத் தெருவில் ஒரு பெரியம்மா வஃபாத்தானார்கள். காலை எட்டு மணிக்கு வண்டி ஊர் முழுக்கச் சுற்றி வந்தது. லுஹருக்குப் பின் நல்லடக்கம் முடிந்தது. மறுநாள், ஊரின் மறுகோடியில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார்கள். மவுத்தானவருக்குச் சிறுவயதுத் தோழி. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

"வண்டி வந்துச்சே, கேக்கலையாம்மா?" என்று கேட்டோம். "சத்தம் வந்துச்சு தம்பி, பேருதான் வரல. காய்கறி வண்டின்னு நினைச்சுட்டேன்" என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அது எங்களுக்கு இன்னும் வலிக்கிறது.

அன்று மாலையே வண்டியைத் தெருவில் ஓட்டச் சொல்லி, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். அவர்கள் சொன்னது உண்மை. இரைச்சல் வந்தது, வார்த்தை வரவில்லை. பிறகு அனுபவமுள்ள ஒரு மைக் செட்டுக்காரரை அழைத்து வந்து காட்டினோம். அவர் ஒன்றன் பின் ஒன்றாகச் சுட்டிக்காட்டிய தவறுகளை இங்கே சொல்கிறோம். வண்டி வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

ஒன்று, ஓயர். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை வீட்டு லைட்டுக்குப் போடும் 1 சதுர மில்லிமீட்டர் ஓயரைப் போட்டிருந்தோம். வீட்டில் 230 வோல்ட்; வண்டியில் 12 வோல்ட். அதே வாட்ஸை 12 வோல்ட்டில் எடுக்க வேண்டும் என்றால் ஏறக்குறைய இருபது மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். நம் செட் முழு வேகத்தில் 15 ஆம்பியர் இழுத்தது. போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்று அந்த மெல்லிய ஓயரில் போனதில் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகிவிட்டது. பேட்டரியில் 12 இருந்தாலும் ஆம்ப்ளிஃபையருக்குக் கிடைத்தது ஒன்பதரைக்கும் கீழே. சத்தம் உடைந்து கரகரத்ததற்கு அது ஒரு காரணம். ஓயரைத் தொட்டால் சூடு. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஓயர் போட்டதும் வீணாவது அரை வோல்ட்டுக்குள் அடங்கியது.

இரண்டு, குழாய்களின் இணைப்பு. ஒவ்வொரு குழாயின் யூனிட்டும் 16 ஓம். நான்கையும் சேர்த்து இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். அதைக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபையரின் 8 ஓம் முனையில் மாட்டியிருந்தோம். தாங்க முடியாத சுமை. அது கொதித்துக் கொண்டிருந்தது. இப்போது இரண்டே குழாய்கள்; சேர்த்தால் 8 ஓம். முனைக்கும் சுமைக்கும் சரியாகப் பொருந்துகிறது.

மூன்று, திசை. நான்கு பக்கமும் குழாய் வைத்தால் நான்கு பக்கச் சுவரிலும் மோதித் திரும்புகிறது. நம் தெருக்கள் குறுகல். முதல் வார்த்தையின் எதிரொலி இரண்டாவது வார்த்தையின் மீது ஏறி உட்கார்ந்து கொள்கிறது. போதாததற்கு யாரோ 'எக்கோ' பொத்தானையும் திருகி வைத்திருந்தார்கள். பாட்டுக்கு அது அழகாக இருக்கலாம். மரண அறிவிப்புக்கு எதற்கு?

நான்கு, பெரிய தவறு: ஓடிக்கொண்டே சொன்னது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறது. இன்னார் மகனார், இன்னார் தகப்பனார், இத்தனை மணிக்கு நல்லடக்கம் என்று சொல்லி முடிக்க 15 நொடி. அதற்குள் வண்டி 80 மீட்டருக்கு மேல் போய்விடும். அப்படியென்றால் எந்த வீட்டுக்கும் முழுச் செய்தி கிடைப்பதில்லை. ஒரு வீட்டுக்கு ஸலாம், அடுத்த வீட்டுக்குப் பெயர், அதற்கடுத்த வீட்டுக்கு நேரம். அந்த மூதாட்டியின் வீட்டுக்கு எது போனதோ, அல்லாஹ்வே அறிவான்.

இப்போது தெருமுனையில் வண்டியை நிறுத்துகிறோம். எஞ்சினை அணைத்துவிட்டு, மெதுவாக, பெயரை இரண்டு முறை சொல்கிறோம். பிறகு அடுத்த முனை. சத்தம் முன்பைவிடக் குறைவு. ஆனால் யாரும் வந்து "யாரு மவுத்து?" என்று கேட்பதில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இளைஞர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 100 வாட்ஸை 200 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆனால் கேட்பவருக்கும் குழாய்க்கும் உள்ள தூரத்தைத் திறந்தவெளியில் பாதியாக்கினால் 6 டெசிபெல் கூடிவிடும். அதாவது, வாட்ஸை நான்கு மடங்காக்குவதும் பாதி தூரம் கிட்டே போவதும் ஒன்று. நான்கு மடங்கு வாட்ஸுக்குக் கடன் வாங்க வேண்டும். கிட்டே போக கியர் போட்டால் போதும்.

கல்வராயன் மலைக்கு முகாம் விஷயமாகப் போனபோதும் இதையே கண்டோம். வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊர்கள். கீழே நின்று குழாயில் கத்தினால் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வருகிறது. சரிவு 170 மீட்டர் தள்ளி இருந்தால் நம் வார்த்தை ஒரு நொடி கழித்து நம்மிடமே திரும்பும். கண் பரிசோதனை என்று சொல்கிறோமா, வேறு ஏதாவது சொல்கிறோமா என்று யாருக்கும் புரியவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகள் இருவரை வீடு வீடாக அனுப்பினோம். அரை மணி நேரத்தில் திண்ணை நிறைந்துவிட்டது.

சகோதரர்களே, அறிவிப்பு வண்டியின் கதை இது. அந்த இளைஞர் கேட்டதோ கல்யாண ஊர்வலத்துக்கான பெரிய செட். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெட்டிகள், பேஸ், லைட், பின்னால் ஜெனரேட்டர். அங்கே பிரச்சினை வார்த்தை புரியவில்லை என்பதோடு நிற்பதில்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

2022 ஜூலை 31 இரவு, மேற்கு வங்காளத்தின் கூச் பிகார் மாவட்டத்தில் பிக்கப் வண்டி ஒன்று ஜல்பேஷ் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வண்டி நிறைய இளைஞர்கள். பின்னால் டி.ஜே. செட்டுக்காக ஜெனரேட்டர் பொருத்தியிருந்தார்கள். அதன் ஓயரிங்கிலிருந்து மின்சாரம் பாய்ந்திருக்கலாம் என்று காவல்துறை அப்போது தெரிவித்தது. 10 பேர் இறந்தார்கள். வண்டி எதன்மீதும் மோதவில்லை, கவிழவில்லை. போய்க்கொண்டிருந்த வண்டியிலேயே, பாட்டுக்காகக் கொண்டுபோன மின்சாரத்தால் போய்விட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? 12 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் சாதாரணமாக ஷாக் அடிக்காது. ஜெனரேட்டர் தருவது 230 வோல்ட். அது வீட்டு மின்சாரம். வீட்டில் ஓயர் சுவருக்குள் அசையாமல் இருக்கிறது. வண்டியில் அது தகரத்தின் மீது கிடந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் தேய்கிறது. மேலுறை தேய்ந்து செம்பு தகரத்தில் பட்டால் முழு வண்டியுமே மின்கம்பி ஆகிவிடலாம். மழையில் நனைந்து, தகரத்தைப் பிடித்து நிற்பவர் தப்பிக்க எங்கே போவார்? வீட்டில் ஷாக் அடித்தால் தானாக அணையும் ஆர்.சி.சி.பி. சுவிட்சை ஜெனரேட்டருக்கும் போடலாம். ஆனால் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் முறைப்படி எர்த்தோடு இணைத்துக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். வெறுமனே பெட்டியில் மாட்டி வைத்தால் மன நிம்மதி மட்டும்தான் மிச்சம்.

தலைக்கு மேலே இன்னொரு ஆபத்து. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர்மின்அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதை அவர்கள் விழாவில் நடந்தது என்று நாம் தள்ளிவிட முடியாது. 2023 ஜூலை 29 அன்று ஜார்கண்டின் பொகாரோ மாவட்டத்தில் முஹர்ரம் ஊர்வலத்தில் தாஜியா 11,000 வோல்ட் கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள். மின்சாரம் மதம் பார்ப்பதில்லை. வண்டியின் தளமே தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி. அதன் மேல் ஆள் உயரப் பெட்டி, அதன் மேல் லைட் கம்பம், அதன் மேல் ஒரு பையன் கொடி பிடித்துக் கொண்டு நிற்கிறான். நம் ஊர்ச் சந்துகளில் கம்பி எவ்வளவு தாழ்ந்து தொங்குகிறது என்பதை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

ஜெனரேட்டர் வேண்டாம், பேட்டரியிலேயே பெரிய செட் ஓட்டுகிறோம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதற்கும் கணக்குப் பார்த்தோம். 1,000 வாட்ஸை 12 வோல்ட்டில் எடுக்க 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் வீணாவதையும் சேர்த்தால் 100. சின்னச் சரக்கு வண்டியின் ஆல்டர்னேட்டர் லைட், வைப்பர், ஹாரனுக்காக வைத்தது. அவ்வளவு சுமைக்கு வைத்தது அல்ல. பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும். ஊர்வலம் முடிவதற்குள் அதுவும் செத்துவிடும். இரவில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறோம்.

12 வோல்ட்டில் ஷாக் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அங்கே ஆபத்து நெருப்பு. பேட்டரியின் பிளஸ் ஓயர் உறை தேய்ந்து தகரத்தில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நேரத்தில் பாயும். ஓயர் பழுத்து, சீட்டும் ரெக்சினும் பற்றிக்கொள்ளும். இதைத் தடுப்பது சில நூறு ரூபாய் விலையுள்ள ஃபியூஸ். அது பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். பலர் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் ஆம்ப்ளிஃபையர் பிழைக்கும். நடுவில் உள்ள ஓயர் தீப்பிடித்தால் வண்டி பிழைக்காது. ஓயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். எர்த் ஓயரைப் பெயிண்ட் மீது முறுக்காமல், சுரண்டிய சேசிஸ் இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பெட்டிகளைக் கயிற்றால் கட்டாமல் சட்டம் அடித்து போல்ட் போட வேண்டும். இவ்வளவும் அரை நாள் வேலை.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட் ஓட்டும் பையன் பெட்டிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். தொழிலாளர் காதுப் பாதுகாப்புக்கு அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவு 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். கல்யாண ஊர்வலம் 15 நிமிடத்திலா முடிகிறது? உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் விசில் அடிப்பது போல ஓசை, பிறகு பேச்சில் 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் மறையும், பிறகு "என்ன, என்ன?" என்று கேட்கும் பழக்கம் வரும். முப்பது வயதில் அந்த நிலைக்கு வந்த இருவரை விசாரணையின்போது சந்தித்தோம். அவர்கள் முகத்துக்கு நேரே நாங்கள் பேசியதே பாதிதான் அவர்களுக்குக் கேட்டது.

இனி சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்பது அளவு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சென்னை வழக்கு ஒன்று உண்டு. கே.கே.ஆர். நகரில் ஒரு சபையின் ஒலிபெருக்கியை எதிர்த்து அக்கம்பக்கத்தார் போட்டது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அது கிறிஸ்தவர்களுக்கு வந்த தீர்ப்பு என்று நாம் கடந்து போக முடியாது. கோயில், பள்ளிவாசல், கட்சி மேடை எல்லாவற்றுக்கும் அதுதான். நமக்கோ நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசத்தில் நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் சேர்ந்தே வருவதை நாம் ஓதுகிறோம். அக்கம்பக்கத்தாரின் தூக்கம் ஹக்குல் இபாத். அதை நாம் தவ்பா செய்து தீர்த்துக்கொள்ள முடியாது. அவர்கள்தான் மன்னிக்க வேண்டும்.

வண்டிச் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியை அறுத்து, நீட்டி, கூண்டு ஏற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் அந்த மாற்றத்தைத்தான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த இளைஞரை அழைத்து உட்கார வைத்துப் பேசினோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்று கேட்டார்: "பேஸ் இல்லாம கல்யாணத்துக்கு யாரு பாய் கூப்பிடுவாங்க? அந்தச் சத்தத்தைக் கேக்கறதே நம்ம ஆளுங்கதானே?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை. சத்தத்தை வாடகைக்கு எடுப்பது யார்? மகனுக்குக் கல்யாணம் என்றதும், பக்கத்துத் தெருக்காரர் இரண்டு பெட்டி வைத்தால் நாம் நான்கு வைக்க வேண்டும் என்று சொல்வது யார்? இரவு 10 மணி ஆனதும் "இன்னும் ஒரு பாட்டு" என்று கேட்பது யார்? தகப்பன்மார்கள் நாம்தான். வண்டிக்காரப் பையனை மட்டும் நிறுத்தி வைத்து நஸீஹத் செய்வது நியாயம் அல்ல. எனவே நிர்வாகக் குழுவின் முடிவில் அவருக்குச் சில நிபந்தனைகள், நமக்குச் சில கடமைகள் இரண்டும் இருக்கின்றன.

கடன் கொடுக்கிறோம். 1,50,000 அல்ல, 45,000 ரூபாய். மாதம் 3,000 வீதம் 15 தவணை. இதில் வாங்க வேண்டியது 12 வோல்ட்டில் ஓடும் ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய்கள், கூட்டத்தில் பேச ஒரு பெட்டி, தனி பேட்டரி, தரமான ஓயர், ஃபியூஸ். ஜெனரேட்டருக்கும் பேஸ் கோபுரத்துக்கும் பைத்துல்மால் பணம் போகாது.

நிபந்தனைகள் ஐந்து. முதலாவது, பொருத்தி முடித்ததும் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் கடனின் இரண்டாம் பகுதி. இரண்டாவது, விளம்பரமோ ஊர்வலமோ எதுவானாலும் அனுமதிக் கடிதத்தின் நகல் வண்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது, இரவு 9.30-க்குச் செட்டை அணைத்துவிட வேண்டும்; சட்டம் 10 என்கிறது, மூட்டை கட்ட அரை மணி நேரம் நாங்களே குறைத்திருக்கிறோம். நான்காவது, ஓடும் வண்டியின் பின்புறம் யாரும் நிற்கக் கூடாது. டிரைவர் கேபின் உயரத்துக்கு மேல் எதுவும் ஏற்றக் கூடாது. ஐந்தாவது, மவுத், வெள்ளம், காணாமல் போன குழந்தை இந்த மூன்று அறிவிப்புக்கும் சாதி மதம் பாராமல் காசு வாங்கக் கூடாது. டீசல் செலவை அறக்கட்டளை கொடுக்கும்.

நம் பக்கக் கடமைகள் இரண்டு. அறக்கட்டளையின் முகாம், கூட்டம், பிரச்சாரம் எல்லாவற்றுக்கும் இனி அவருடைய வண்டியை வாடகைக்கு எடுப்போம். இலவசமாகக் கேட்க மாட்டோம். அவரும் பிழைக்க வேண்டும். அடுத்து, இந்தக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அடுத்த கல்யாணத்துக்கு ஊர்வலச் செட் வைக்காமல், மண்டபத்துக்குள் கேட்கும் அளவுக்கு மட்டும் மைக் வைத்து, அந்த வேலையை அவருக்குக் கொடுக்க வேண்டும். இதற்குக் கையெழுத்து கேட்கவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

அவர் ஒரு வாரம் யோசிக்க நேரம் கேட்டார். நேற்று வந்து ஒப்புக்கொண்டார். முழுச் சந்தோஷத்தோடு என்று சொல்ல மாட்டோம். "வேலை வரலைன்னா உங்ககிட்டதான் வந்து நிப்பேன்" என்றார். வந்து நிற்கட்டும். அப்படி நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் மட்டும் அல்ல, நீங்களும்தான்.

அந்த மூதாட்டியின் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது மவுத் அறிவிப்பு வண்டி அவர்கள் வீட்டு வாசலில் ஒருமுறை நிற்கிறது. டிரைவர் இறங்கிப் போய், குழாய் இல்லாமல், வாயாலேயே பெயரைச் சொல்லிவிட்டு வருகிறார். தனியாக வசிக்கும் முதியவர்கள், காது கேளாதவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெருவாரியாகப் பட்டியல் எடுத்து வருகிறோம். உங்கள் தெருவில் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வல்ல அல்லாஹ் நம் குரலில் நிதானத்தையும், நம் இளைஞர்களின் தொழிலில் பரக்கத்தையும், நம் வண்டிகளுக்குப் பாதுகாப்பையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.